ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

"பைத்தான்ல ஃபைல் படிக்கறது ரொம்ப ஸ்லோ சார்."

புனேவுக்கு வந்த இந்த 18 வருடத்தில் இந்த ஒரு வாக்கியத்தை மராத்தியில், இந்தியில், தெலுங்கில், நம் தமிழில் என்று பல பேர் வாயால் கேட்டாகிவிட்டது. சொல்பவரிடம் "எவ்வளவு ஸ்லோ?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். எல்லா மொழியிலும் ஒரே பதில்தான்: ஒரு சின்ன மௌனம்.

அந்த மௌனத்துக்குப் பின்னால் சுவாரசியமான ஒரு சரித்திரம் இருக்கிறது. பைத்தான் மொழி கோப்புகளைப் படிக்கும் விதம் இதுவரை மூன்று முறை பெரிதாக வேகம் கண்டிருக்கிறது. மூன்று முறையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அளந்து பார்த்திருக்கிறார். அந்தக் கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நிரல் எழுதாதவர்களும் படிக்கலாம், ஒரு வரி கோடு கூட வராது, பயப்பட வேண்டாம்.

முதலில் நம் சந்தேகத்தின் பூர்வீகம். "கோப்பு என்றாலே மெதுவாகத்தான் இருக்கும்" என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் முழு உண்மை. 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக் இயந்திரத்தின் வட்டுப் பெட்டியில் 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள் இருந்தன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். வேண்டிய இடத்துக்குக் கை போய்ச் சேரச் சராசரியாக 600 மில்லிசெகண்ட். அரை செகண்டுக்கும் மேல்! பின்னால் நம் மேஜைக் கணினிகளில் வந்த 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லிசெகண்ட் போதும். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் ஒரு ஜிகாஹெர்ட்ஸ் சிபியு அந்த ஒரு சுற்றுக்குள் 83 லட்சம் முறை துடித்துவிடும். அதன் கணக்கில் அது யுகம். ஆக, நிரல் மெதுவாக ஓடினால் டிஸ்க்கின் மேல் பழி போடுவது எங்கள் தொழிலில் பரம்பரைப் பழக்கம். சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வந்த பிறகும் பழக்கம் போகவில்லை.

அளந்து பார்க்கும் பழக்கத்துக்கும் ஒரு பரம்பரை உண்டு. அதற்கு 1971-க்குப் போக வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டில் டொனால்ட் க்னூத் ஒரு கேள்வி கேட்டார்: மனிதர்கள் நிஜத்தில் எழுதும் ஃபோர்ட்ரான் நிரல்கள் எப்படித்தான் இருக்கின்றன? பாடப் புத்தகத்து நிரல்கள் வேண்டாம், நிஜ நிரல்கள் வேண்டும். அதற்கு அவர் குழு முதலில் தேடிப் போன இடம் எது தெரியுமா? கணினி மையத்தின் குப்பைக்கூடை. பிறகுதான் உறைத்தது, குப்பையில் கிடப்பதெல்லாம் பெரும்பாலும் பிழை திருத்தாத நிரல்கள் என்று. அப்புறம் வேறு வழிகளில் சேகரித்தார்கள்.

கிடைத்த முடிவு இன்றைக்கும் எங்கள் தொழிலின் அடிப்படைப் பாடம். பொதுவாக ஒரு நிரலின் நான்கு சதவீதத்துக்கும் குறைவான பகுதிதான் ஓடும் நேரத்தில் பாதிக்கும் மேலாகச் சாப்பிடுகிறது. இதில் வேடிக்கை, அளப்பதற்கென்று எழுதிய நிரலையே அந்த அளவுகோலால் அளந்து பார்த்தார்கள். அதன் பாதி நேரம் இரண்டே இரண்டு லூப்களில் போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் சில வரிகளை மாற்றியதில் வேகம் இரட்டிப்பானது. எழுதியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அவர்களுக்கே அளக்கும்வரை தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

1974-ல் க்னூத் எழுதிய வேறொரு கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: அவசரப்பட்டு வேகப்படுத்த முயல்வதுதான் எல்லாத் தீமைக்கும் வேர் என்ற பொருளில். பலர் இதைச் சோம்பேறித்தனத்துக்குச் சர்டிஃபிகேட்டாக வைத்துக்கொள்கிறார்கள். அவர் சொன்னது அதோடு முடியவில்லை. 97 சதவீத இடங்களில் சின்னச் சின்ன வேகங்களை மறந்துவிடு, மீதி மூன்று சதவீதத்தில் வாய்ப்பைத் தவறவிடாதே, ஆனால் அந்த மூன்று எது என்று கண்டுபிடித்த பிறகு கை வை என்கிறார். நாம் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

1982-ல் பெர்க்லியிலிருந்து சூசன் கிரஹாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் மக்குசிக் மூவரும் ஜிபுரொஃப் என்ற கருவியை அறிமுகப்படுத்தினார்கள். அதற்கு முந்தைய யூனிக்ஸ் கருவி, எந்த ஃபங்ஷனில் எவ்வளவு நேரம் போனது என்று மட்டும் சொல்லும். ஜிபுரொஃப் அந்த ஃபங்ஷனை அழைத்தது யார், யாருக்காக அந்த நேரம் செலவானது என்பதையும் சேர்த்துச் சொன்னது. வீட்டுச் செலவில் 'கரண்ட் பில் அதிகம்' என்பதற்கும் 'மாடி ரூம் ஏசியால் அதிகம்' என்பதற்கும் உள்ள வித்தியாசம்.

பைத்தானுக்கு அப்படி ஒரு கருவியை 1994-ல் ஜேம்ஸ் ரோஸ்கிண்ட் எழுதினார். பைத்தான் முதன்முதலில் வெளியே வந்தது 1991-ல். அதாவது மொழிக்கு மூன்று வயது ஆகும்போதே கையில் அளவுகோல் கொடுத்துவிட்டார்கள். பயன்படுத்தினோமா என்பது வேறு கேள்வி.

இப்போது முதல் வேகத்துக்கு வருவோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் பைத்தான்காரர்களுக்கு இருந்த பெரிய தலைவலி பெர்ல். ஒரு பெரிய டெக்ஸ்ட் கோப்பை வரி வரியாகப் படிக்கும் ஒரு சின்ன நிரலை இரண்டு மொழியிலும் எழுதுவார்கள், ஓட விடுவார்கள், பெர்ல் ஜெயிக்கும். "பார்த்தாயா, பைத்தான் ஸ்லோ" என்பார்கள். மற்ற எல்லாரும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்க, டிம் பீட்டர்ஸ் என்பவர் அளக்க ஆரம்பித்தார்.

குற்றவாளி கிடைத்தது எதிர்பாராத இடத்தில். பைத்தானின் ரீட்லைன், உள்ளே சி மொழியின் கெட்சி என்ற வசதியை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாங்கி வரியைக் கட்டிக்கொண்டிருந்தது. ஒரே சமயத்தில் பல த்ரெட்கள் அந்தக் கோப்பைத் தொட்டால் குழப்பம் வரக்கூடாது என்று சி நூலகம் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பூட்டு போட்டுத் திறக்கும். குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது ஒவ்வொரு டம்ளருக்கும் வாசல் கதவைப் பூட்டித் திறந்தால் எப்படி இருக்கும்? அதே கதை. டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெர்லோ, சி நூலகத்தின் உள்ளறைக்குள்ளேயே கையை விட்டு நேராக எடுத்துக்கொண்டிருந்தது!

தீர்வு எளிது. வரி தொடங்கும்போது ஒரு முறை பூட்டு, வரி முடிந்ததும் திற. அந்த வசதி இல்லாத இயங்குதளங்களுக்கு வேறு ஒரு தந்திரம். 2001 ஏப்ரலில் வந்த பைத்தான் 2.1-ல் இது சேர்ந்தது. கிட்டத்தட்ட 66 சதவீத வேகம், சில இயங்குதளங்களில் அதற்கும் மேல். அதே ஆண்டு டிசம்பரில் 2.2 வந்தபோது கோப்பை நேரடியாக ஒரு ஃபார் லூப்பில் வைத்தாலே வரி வரியாகக் கொடுக்கும் வசதியும் வந்தது. இன்று கல்லூரிப் பிள்ளைகள் யோசிக்காமல் எழுதும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை கதை.

அளவுகோல்களும் வளர்ந்தன. 2003-ல் 2.3 பதிப்போடு டைம்இட் வந்தது. ஒரு சின்னத் துண்டை ஆயிரக்கணக்கான முறை ஓட்டி நேரம் சொல்லும். இதை மூன்று தடவை ஓட்டி மூன்று எண்கள் கிடைத்தால் நம் பள்ளிக்கூடக் கணக்கு சராசரி எடுக்கச் சொல்லும். டைம்இட் ஆவணம் மிகச் சிறிய எண்ணைப் பார் என்கிறது. மற்ற எண்கள் பெரிதாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதே நேரத்தில் கணினியில் ஓடிய வேறு வேலைகளின் தொந்தரவு. நம் நிரலின் குற்றம் இல்லை. 2006-ல் 2.5 பதிப்போடு சிபுரொஃபைல் வந்தது. ரோஸ்கிண்டின் கருவி பைத்தானிலேயே எழுதப்பட்டது, அதனால் அளக்கும் வேலையே நிரலை நன்றாக மெதுவாக்கும். சிபுரொஃபைல் சி-யில் எழுதியது. நிஜமான பெரிய நிரலையும் தாங்கும்.

இரண்டாவது வேகத்தின் கதை கொஞ்சம் சங்கடமானது.

2008 டிசம்பர் 3 அன்று பைத்தான் 3.0 வெளியானது. பழையவற்றோடு ஒத்துப்போகாத, துணிச்சலான பதிப்பு. கோப்பு விவகாரத்தையும் அடியோடு மாற்றினார்கள். சி நூலகத்தை நம்பியிருக்காமல், பைட்டுகளைப் படிக்க ஒரு அடுக்கு, சேர்த்து வைத்துக் கொடுக்க ஒரு அடுக்கு, பைட்டுகளை எழுத்துகளாக மாற்ற ஓர் அடுக்கு என்று அழகாகப் பிரித்தார்கள். நமக்கு அந்த மூன்றாவது அடுக்கு முக்கியம். யூடிஎஃப்-8-ல் 'அம்மா' என்று எழுதினால் 15 பைட்டுகள். அதை ஐந்து யூனிகோடு குறிகளாகப் பிரித்தெடுப்பது டிஸ்க்கின் வேலை இல்லை, சிபியுவின் வேலை. தமிழ்க் கோப்பு படிப்பவர்கள் இதை மறந்துவிட்டு டிஸ்க்கைத் திட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வடிவமைப்பு அழகு. ஆனால் பெரும்பகுதியைப் பைத்தானிலேயே எழுதியிருந்தார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் எண்களோடு வந்தார்கள். புது மொழிக்கு மாறலாமா வேண்டாமா என்று உலகமே யோசித்துக்கொண்டிருந்த நேரம், முதல் அபிப்பிராயம் முக்கியம். குழு சாக்குப்போக்கு சொல்லவில்லை. அந்த நூலகம் முழுவதையும் சி-யில் திரும்ப எழுதினார்கள், அந்துவான் பித்ரு, அமோரி ஃபோர்ஜோ டார்க் முதலியவர்கள். ஏழு மாதத்துக்குள், 2009 ஜூன் 27 அன்று 3.1 வந்தது. வேலையைப் பொறுத்து 2 முதல் 20 மடங்கு வேகம் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதினார்கள். முந்தைய பதிப்பில் அது பெரிய இடையூறாக இருந்தது என்பதையும் அதே குறிப்பில் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு இந்த வரிசை பிடித்திருக்கிறது: முதலில் சரியாக எழுது, பிறகு அள, பிறகு கடினமான மொழியில் இறங்கு. தலைகீழாகச் செய்திருந்தால் அழகும் கிடைத்திருக்காது, வேகமும் கிடைத்திருக்காது.

நடுவில் ஒரு எச்சரிக்கை. அளவுகோலே பொய் சொல்லும்.

பைத்தானில் டைம்.கிளாக் என்று ஒரு வசதி இருந்தது. விண்டோஸில் அது சுவர்க்கடிகார நேரம் காட்டும். யூனிக்ஸ், லினக்ஸில் சிபியு உழைத்த நேரத்தை மட்டும் காட்டும். கோப்புக்காகக் காத்திருக்கும்போது சிபியு உங்கள் நிரலுக்காக உழைப்பதில்லை. ஆகவே லினக்ஸில் இதை வைத்துக் கோப்பு படிப்பதை அளந்தால், டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம் கணக்கிலேயே வராது! 2012-ல் 3.3 பதிப்பில் இரண்டு வேலைக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் கொடுத்தார்கள். பழையதை 2019-ல் 3.8 பதிப்போடு தூக்கியே விட்டார்கள்.

இன்னொரு பொய் இயங்குதளத்தினுடையது. ஒரு முறை படித்த கோப்பை லினக்ஸ் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். இரண்டாவது முறை படித்தால் டிஸ்க் பக்கமே போகாது. பழைய நிரலை முதலில் ஓட்டி, "திருத்திய" நிரலை அடுத்து ஓட்டினால், திருத்தவே இல்லை என்றாலும் இரண்டாவது வேகமாக ஓடும். இதை வைத்துப் பதவி உயர்வு வாங்கியவர்கள் இருக்கிறார்கள் என்றால் ஆச்சரியப்பட மாட்டேன்.

மூன்றாவது வேகம், 2015. கோப்பைப் படிப்பது கூட இல்லை, கோப்புறைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுப்பது. ஓஎஸ்.வாக் என்ற வசதி ஒவ்வொரு பெயராக வாங்கி, "இது கோப்பா, கோப்புறையா?" என்று இயங்குதளத்திடம் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பத்தாயிரம் கோப்புகள் என்றால் பத்தாயிரம் கேள்விகள். பென் ஹோய்ட் என்பவர் கவனித்தது இதுதான்: பெயரைக் கொடுக்கும்போதே விண்டோஸும் லினக்ஸும் அந்தத் தகவலையும் சேர்த்தே கொடுத்துவிடுகின்றன. நாம்தான் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வாசலில் போய் நிற்கிறோம். கல்யாணப் பத்திரிகையின் கவரைத் தூக்கி எறிந்துவிட்டு மண்டபம் எங்கே என்று ஊரெல்லாம் விசாரிப்பது மாதிரி. அவர் ஸ்கேன்டிர் என்ற மாற்றை முதலில் தனி நூலகமாக எழுதினார், கூடவே அளந்த எண்களையும் வைத்தார். 2015 செப்டம்பரில் 3.5 பதிப்பில் அது மொழிக்குள்ளேயே வந்தது. ஓஎஸ்.வாக் லினக்ஸ் வகையறாவில் 3 முதல் 5 மடங்கு, விண்டோஸில் 7 முதல் 20 மடங்கு வேகமானது. அதை அழைக்கும் நிரல்களில் ஒரு வரி கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இதெல்லாம் மொழி எழுதுபவர்கள் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். அதற்காகத்தான் அடுத்த சம்பவம்.

2014-ல் இங்கே நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) தினம் இரவு ஓடும் ஒரு நிரல் இருந்தது. பெரிய லாக் கோப்புகளைப் படித்து, மணிவாரியாகக் கூட்டி, காலை ஒன்பது மணிக்குள் அறிக்கை தர வேண்டும். எழுதியவன் நாசிக் பக்கத்துப் பையன், முதல் வேலை. லாக் பெரிதாகப் பெரிதாக அறிக்கை பத்து, பதினொன்று என்று தள்ளிப்போனது. மேலே முடிவு செய்துவிட்டார்கள்: பைத்தான் கோப்பு படிப்பது மெதுவு, இதை ஜாவாவில் திரும்ப எழுத மூன்று மாதம். அந்த வருட அப்ரைசலில் பையன் பெயருக்கு நேராக 'திறனற்ற கோடு' என்று ஒரு வரியும் ஏறிவிட்டது.

எனக்கு வேறு டீம். ஆனால் மதியச் சாப்பாட்டில் பையன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் குடுங்க, அளந்து பார்க்கறோம்" என்று கேட்டு வாங்கினேன்.

முதலில் யூனிக்ஸின் பழைய டைம் கட்டளை. அது மூன்று எண்கள் தரும்: மொத்தம் ஓடிய நேரம், நிரலுக்காக சிபியு உழைத்த நேரம், கெர்னலுக்குள் போன நேரம். பின்னிரண்டின் கூட்டல் மொத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக வந்தது. அதாவது நிரல் டிஸ்க்குக்காகக் காத்திருக்கவே இல்லை, சிபியு தலைதெறிக்க உழைத்துக்கொண்டிருந்தது. அடுத்து சிபுரொஃபைல். பாதிக்கும் மேற்பட்ட நேரம் போனது ஸ்ட்ரிப்டைம் என்ற ஒரே இடத்தில். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இருந்த தேதி-நேரச் சரத்தைப் பிரித்து அர்த்தம் பண்ணும் வேலை. 2003-ல் வந்த 2.3 பதிப்பு முதல் அந்த வேலை முழுக்கப் பைத்தானிலேயே நடப்பது. அதனால் மெதுவு. கோப்பு படிக்கும் நேரம் பட்டியலில் எங்கோ கீழே கிடந்தது.

ஒரே செகண்டில் நூற்றுக்கணக்கான வரிகள் ஒரே நேர முத்திரையோடு வருகின்றன. ஒரு முறை பிரித்ததை ஒரு டிக்‌ஷனரியில் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். பையனே நாலு வரியில் எழுதினான். மறுநாள் அறிக்கை ஒன்பது மணிக்கு வெகு முன்னாலேயே தயார். கோப்பு படிக்கும் பகுதியில் ஒரு எழுத்து கூட மாற்றவில்லை. ஜாவா திட்டம் சத்தமில்லாமல் மறைந்தது.

அப்ரைசல் வரி மட்டும் மறையவில்லை. படிவம் பூட்டியாகிவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அவன் அடுத்த வருடம் வரை இருக்கவில்லை. "சார், மெஷின் டைம் அளக்க இவ்ளோ கருவி இருக்கு" என்று கிளம்பும்போது இந்தியில் சொல்லிவிட்டுச் சிரித்தான். மீதியை அவன் சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது.

அளக்காமல் சொல்லும் தீர்ப்பு இயந்திரத்தின் மேல் போய் விழுவதில்லை, யாரோ ஒரு மனிதன் மேல்தான் விழுகிறது. க்னூத்தின் நான்கு சதவீதம் எங்களுக்கு வெறும் வேகக் கணக்கு இல்லை. மூன்று மாத உழைப்பு எங்கே போக வேண்டும், யார் பெயருக்கு நேராக என்ன எழுத வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

அதனால் இப்போதெல்லாம் "பைத்தான் ஸ்லோ" என்று யாராவது வந்தால் நான் வாதாடுவதில்லை. ஒரு வரிசை சொல்கிறேன். நிஜமான அளவுள்ள கோப்பை எடு, பத்து வரி மாதிரிக் கோப்பு உதவாது. முதலில் டைம் கட்டளை, காத்திருக்கிறதா உழைக்கிறதா என்று தெரிந்துகொள். உழைக்கிறது என்றால் சிபுரொஃபைல். காத்திருக்கிறது என்றால் முதல் ஓட்டம், இரண்டாவது ஓட்டம் இரண்டையும் தனித்தனியாக எழுதி வை. ஒரே ஒரு இடத்தை மாற்று. மறுபடி அள. எண் குறையவில்லை என்றால் மாற்றியதைத் திரும்பப் பழையபடி ஆக்கு, எவ்வளவு புத்திசாலித்தனமான மாற்றமாக இருந்தாலும். இதில் கடைசி வரிதான் ரொம்பக் கஷ்டம்.

இவ்வளவும் செய்த பிறகு, பைத்தான் இந்த வேலைக்கு ஆகாது என்று எண்களே சொல்லலாம். சொல்வதும் உண்டு. அப்போது தாராளமாக வேறு மொழிக்குப் போகலாம். மொழி எழுதியவர்களே 2009-ல் தங்கள் பைத்தான் வரிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு சி-க்குப் போனவர்கள்தானே?

நம் ஊர்ப் பழமொழியை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் எடுத்து வைக்கும் நெல்லை அளக்கச் சொன்னால் அதிசயமில்லை. ஆற்றில் போடுவதைக் கூட அளந்து போடச் சொன்னார்கள். தூக்கிப் போட முடிவு செய்துவிட்டாலும், எவ்வளவு போட்டோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.